கூரைக்குள் கோழிவலை

போன வாரம் ருக்கையா, "கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்லை" என்று தாயாரிடம் சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை மறுபடி கீழே இறக்கிய பெருமை கோழிகளைச் சேரும்.

பினாங்கில், ஆர்கைல் ரோட்டில் இருந்த அவள் தகப்பனார் வீட்டுச் சமையலறையில், நோன்பு மாதத்துக் காலை அமைதியில், கோழிகள் உலாவிக்கொண்டிருந்தன. ஒன்று அரிசி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் நோன்பு பிடிக்காத ஜீவன்கள் அவை மட்டுமே என்பதால், அவற்றின் நடையில் ஒரு தெம்பு இருந்தது.

"காஜா!" என்று பின்வாசலைப் பார்த்துக் கத்தினாள் ருக்கையா. "கூண்டு வலை எங்கடா?"

"பத்திரமா இருக்கு லாத்தா," என்று பதில் வந்தது. "கூரையில."

வீட்டுக்குப் பின்னால் சந்தில் மோட்டார் வண்டி நின்றது. அதன் கதவு வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்கு உரியவன் அவள் தம்பி காஜா மொய்தீன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுத் தபால் மூலம் ரேடியோ சாஸ்திரம் படிப்பவன். இரண்டு குடும்பத்திலும் வண்டி ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவன் அவன் ஒருவனே ஆகையால், அவனை யாரும் அளவுக்கு மேல் கண்டிப்பதில்லை.

"உம்மாவோட கோழிக்கூண்டைப் பிரிச்சு காடிக் கூரையில வச்சிருக்கியா? உனக்குப் பித்தா?"

"ரேடியோவுக்கு ஏரியல் வேணும் லாத்தா. கூரைத் துணிக்கு உள்ள கம்பிவலை விரிச்சா போதும்னு புத்தகத்துல போட்டிருக்கு. கோழிவலைன்னே எழுதியிருக்கான். நானா கற்பனை பண்ணல."

"கோழிங்க எங்க போகும்?"

"அதைப் பத்திப் புத்தகத்துல இல்ல."

அவள் மேலும் இரண்டு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் வண்டியின் மறுபக்கத்தில், வலையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்தாள். உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே நின்றவர் அந்நியர் அல்லர். அவள் கணவர் அப்துல் ரசாக்.

"நான் சும்மா மச்சானுக்கு ஒத்தாசைக்கு வந்தேன்," என்றார் அவர், யாரும் கேட்காமலே.

இங்கே அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டும். காஜாவின் தகப்பனார் முகம்மது சுல்தான், துறைமுகத்தில் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, கயிறு எல்லாம் ஏற்றிவிடும் வியாபாரி. ரசாக்கின் தகப்பனார் சேகு மதார், பிட் தெருவில் சொங்கோக் தொப்பி தைத்து விற்பவர். பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்த சந்தோஷத்தில் சம்பந்திகள் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு இந்த வண்டியை வாங்கினார்கள்.

அப்புறம் போன பெருநாள் வந்தது.

சிங்கப்பூரில் பிறை பார்த்தாயிற்று என்று ஒரு சிநேகிதர் தந்தி அடித்தார். சுல்தான் அதை நம்பிப் பெருநாள் கொண்டாடினார். சேகு மதாரோ, பினாங்கு வானத்தில் பிறையைக் கண்ணால் பார்க்கும்வரை நோன்புதான் என்று உட்கார்ந்துவிட்டார். இதுவரை ஒரு மோசமும் இல்லை. ஊரில் பல வீடுகள் அன்று அப்படித்தான் இரண்டுபட்டன. ஆனால் சுல்தான் தாராள மனத்தோடு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டு நிறையப் பிரியாணி வைத்து, பெருநாளுக்கு வந்திருந்த மகள் கையில் கொடுத்துச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார். நோன்பாளி வீட்டு வாசலில் நடுப்பகலில் பிரியாணி போய் இறங்கியது. வாசனை தெருக்கோடிவரை போனதாகச் சொல்கிறார்கள்.

"எந்த ஊர்ப் பிறையோ, அந்த ஊர்க்காரங்களோடயே இருந்துக்க," என்றார் மாமனார் மருமகளிடம்.

"அவரா கூப்பிடாம என் மகளை அனுப்ப மாட்டேன்," என்றார் சுல்தான்.

"அவரா அனுப்பாம நான் கூப்பிட மாட்டேன்," என்றார் சேகு மதார்.

அன்று முதல் இரண்டு கனவான்களும் பேசுவதில்லை. வண்டி மட்டும் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று போய்வந்தது. பெண்ணுக்கு இல்லாத போக்குவரத்து வண்டிக்கு இருந்தது.

"இது மாமுவோட வாரமாச்சே," என்றாள் ருக்கையா. "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ரசாக் வலையைப் பார்த்தார். காஜா பதில் சொன்னான்: "எதுக்குச் சொல்லணும்? வண்டில வலப்பக்கம் நம்ம அத்தா பாதி. ரேடியோப் பெட்டியை ஸ்டீரிங் பக்கமாத்தான் முடுக்கியிருக்கேன். ஸ்பீக்கரும் இந்தப் பக்கந்தான். மாமு பாதியில ஒரு ஆணி கூட அடிக்கல."

"கூரை?"

"கூரை பொது."

பெட்டி இரும்புப் பெட்டி. இஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில் துளை போட்டு அதை முடுக்கியிருந்தான். அதிலிருந்து ஒரு கயிறு போன்ற கம்பி ஸ்டீரிங் கம்பத்துக்கு ஏறி, அங்கே கடிகாரம் மாதிரி ஒரு வட்டத்தில் முடிந்தது. முள்ளைத் திருப்பினால் நிலையம் மாறும். இன்னொரு கம்பி பேட்டரிக்குப் போயிற்று.

"இஞ்சினைப் போடுங்க மச்சான்," என்றான் காஜா.

ரசாக் இஞ்சினைக் கிளப்பினார். உடனே ஸ்பீக்கரிலிருந்து, கடாயில் கடலை வறுப்பது போலப் படபடவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

"இது எந்த ஊர் நிலையம்?" என்றாள் ருக்கையா.

"இது நம்ம இஞ்சின் லாத்தா. உள்ள நெருப்புப் பொறி தட்டுறதெல்லாம் ரேடியோவுல விழுது. ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு தடுப்பு மாட்டணும்."

அவன் முன்பக்கம் போய் மூடியைத் திறந்து, விரல் தடிமனில் இருந்த கறுப்புத் துண்டுகளைப் பிளக்குகளின் தலையில் ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தான். ரசாக் ஸ்டீரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தார். ருக்கையா ஜன்னலோரம் நின்றாள். ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள இதைவிட மோசமான இடங்கள் உண்டு.

"இன்னைக்கு நோன்பு திறக்க எல்லாரும் எங்க வீட்டுக்கு வர்றீங்கதானே?" என்றார் ரசாக்.

"உம்மாவும் மாமியும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. அத்தா வேணாம்னு சொல்லல. உங்க அத்தா?"

"அவரும் வேணாம்னு சொல்லல."

"சரின்னு சொன்னாரா?"

"வேணாம்னு சொல்லல," என்றார் ரசாக் மறுபடி. "நீ வந்து, அப்படியே தங்கிட்டா என்ன ருக்கையா? யாரும் உன்னை வெளிய போன்னு சொல்லப் போறதில்ல."

"நானாத் தங்கினா, நாளைக்கு மாமு என்னா சொல்வாரு? தந்திக்காரர் மக தானா ஓடி வந்துட்டான்னு சொல்வாரு. அத்தா ஒரு பக்கம், கூப்பிடாம போனவன்னு என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. அவங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாத்து ஒரு வார்த்தை பேசட்டும். அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிடக்கூட வேணாம்லா."

"பேசலைன்னா?"

"நீங்க மச்சானுக்கு ஒத்தாசைக்கு வந்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அவன் காடில இன்னும் என்னென்ன மாட்டப் போறானோ."

ரசாக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் குரல் கடைசி வார்த்தையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் அதைக் கவனித்து, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மச்சான், இப்பப் போடுங்க!" என்று முன்பக்கமிருந்து குரல் வந்தது.

இஞ்சின் ஓடியது. ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. காலையில் எந்த நிலையமும் இல்லை, கடலை வறுக்கும் சத்தமும் இல்லை. ஒன்றுமே கேட்காததைக் கேட்டு, மச்சான்மார் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பிறகு கூரைத் துணியை வலைக்கு மேல் இழுத்துத் தைக்க வேண்டியிருந்தது. காஜாவுக்கு ஊசி வராது. கடைசியில் துணியைத் தைத்தவள் ருக்கையா. அஸர் தொழுகைக்குப் பிறகும் தைத்தாள். ரசாக் அதற்குள் பஸ் ஏறித் தஞ்சோங் தோக்கோங்கில் இருக்கும் தம் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படித்தான் அன்று எல்லோரும் தாமதமாகக் கிளம்பினார்கள்.

வானம் இருண்டிருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஒரு ஓரம் சுல்தான், நடுவில் அவர் மனைவி ஆசியா பீவி, மறு ஓரம் ருக்கையா. ஆசியா பீவியின் மடியில் கோப்பைகளும் வடைப் பொட்டலமும், காலடியில் நோன்புக்கஞ்சிப் பானையும் இருந்தன. சம்பந்தி வீட்டில் கஞ்சி இருக்காதா என்று சுல்தான் கேட்டதற்கு, "வெறுங்கையோடயா போறது?" என்று பதில் வந்திருந்தது.

பிட் தெருவில் சேகு மதார் கடையைச் சாத்திவிட்டு நின்றிருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். தம்முடைய வாரம் என்ற உரிமையில் முன் சீட்டில் ஏறினார். பின்னால் திரும்பாமல், "அஸ்ஸலாமு அலைக்கும்," என்று முன் கண்ணாடியிடம் சொன்னார். பின்னாலிருந்து மூன்று குரல்கள் வரவேண்டிய இடத்தில் இரண்டு குரல்கள் பதில் சொல்ல, சுல்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து முணுமுணுத்தார். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கூடாது. ஆனால் எந்தத் திசையில் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சேகு மதாரின் கண் ஸ்டீரிங் கம்பத்துக்குப் போயிற்று.

"இது என்னா?"

"ரேடியோ மாமு."

"யாரைக் கேட்டு வச்ச?"

"உங்க பாதியில ஒண்ணும் வைக்கல மாமு. எல்லாம் இந்தப் பக்கந்தான்."

சேகு மதார் தம் பக்கத்தைக் கண்ணால் அளந்து பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கூரையை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காஜா, உங்க அத்தாகிட்ட சொல்லு. ஜன்னலை மூடச் சொல்லு. சாரல் அடிக்குது."

"காஜா, உங்க மாமுகிட்ட சொல்லு," என்றார் சுல்தான், இரண்டு முழம் பின்னாலிருந்து. "மூடித்தான் இருக்கு."

"மூடித்தான் இருக்காம் மாமு," என்றான் காஜா.

வண்டி கடலோரச் சாலையில் திரும்பியது. வலப்பக்கம் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியவில்லை. காஜா முள்ளைத் திருப்பினான். உள்ளூர் நிலையத்துக்கு அன்று ஓய்வு. இன்னும் கொஞ்சம் திருப்பினான். கரகரப்புக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் எழுந்து, தெளிந்து, வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது.

"சிங்கப்பூர்," என்றான் காஜா, அந்த ஊரைத் தானே கட்டியவன் போல.

மலாய் மொழியில் ரப்பர் விலை சொன்னார்கள். சுல்தான் முன்னால் சாய்ந்தார். தகர விலை சொன்னார்கள். சேகு மதாருக்குத் தகரத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒரு பெண் பாடினாள்.

"இவ்வளவு தூரத்துலேர்ந்து," என்றார் சேகு மதார், யாரையும் குறிப்பிடாமல். "பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி இருக்கு."

பின்னால் சுல்தானுக்குத் தந்தியைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. ஆசியா பீவி அவர் முழங்கையை அழுத்தினாள். வாக்கியம் உள்ளே போயிற்று.

பாட்டு நின்றது. ஓர் ஆணின் குரல் ஏதோ அறிவித்தது. அடுத்த கணம், சிறிய வண்டி முழுதும் நிறையும்படி, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது.

பாங்கு கேட்டதும் நோன்பாளியின் கை தானாகப் பேரீச்சம்பழத்துக்குப் போகும். அது எந்த ஊர்ப் பாங்கு என்று விசாரிக்கும் பழக்கம் கைக்குக் கிடையாது. நேற்றுவரை இன்னொரு ஊர்ப் பாங்கு யாருடைய காதுக்கும் எட்டியதே இல்லை. சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது, அங்கே பொழுது முன்னதாகவே சாயும் என்பதெல்லாம் வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

"வண்டியை நிறுத்துடா!" என்றார்கள் சம்பந்திகள் இருவரும், ஒரே குரலில்.

காஜா ஒரு மரத்தடியில் நிறுத்தினான். ரேடியோவை நிறுத்தவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிறிய சூராவ். தகரக் கூரை போட்ட தொழுகைக் கூடம். சேகு மதார் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே பக்கத்துக் கடைக்காரர் ஸ்பெஷலாக எடுத்துக் கொடுத்த பேரீச்சம்பழம். பழம் முன் சீட்டில், கஞ்சி பின் சீட்டில். நோன்பு திறக்கத் தாமதிப்பது நல்லதல்ல. அவர் ஒரு கணம் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு உடம்பு முழுவதையும் திருப்பி, சீட்டின் முதுகுக்கு மேலாகப் பொட்டலத்தை நீட்டினார்.

"எடுங்க சம்பந்தி."

சுல்தான் ஒரு பழத்தை எடுத்தார். "பிஸ்மில்லாஹ்," என்றார்கள் இருவரும். காஜா ஏற்கனவே மென்றுகொண்டிருந்தான்.

"கஞ்சி ஊத்து," என்றார் சுல்தான் மனைவியிடம். "சம்பந்திக்கு முதல்ல."

ருக்கையாவும் ஒரு பழத்தை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகும்போது அவள் கண் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. சூராவின் தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மலாய்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடிய கோப்பை. யாரும் மூடியைத் தொடவில்லை. மூலையில் தொங்கிய பெரிய முரசுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவர்கள் எல்லோரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கை அப்படியே நின்றது.

இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் சேகு மதார் கஞ்சிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்து, "கறி நிறையப் போட்டிருக்கீங்க போல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல இப்படிக் கொதிக்க விட மாட்டாங்க. நல்லாருக்கு சம்பந்தி."

"வடை எடுத்துக்குங்க," என்றார் சுல்தான்.

"நீங்க எடுங்க."

"உங்களுக்கு அப்புறம்."

அவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நோன்பு ஒரு வாய்க்கும் போகும், பத்து வாய்க்கும் போகும். அது போய்விட்டது. இப்போது வாயைத் திறந்தால் இந்தப் பேச்சும் போகும். ருக்கையா பழத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல் எதில் தொப்பித் துணி வருகிறது என்று சுல்தான் விசாரித்தார். துணி முன்பு போல் இல்லை என்றார் சேகு மதார். தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், பார்க்கலாம் என்றார் சுல்தான். வெளியே தூறல் நின்றபாடில்லை. காஜா மூன்றாவது வடையைக் கடித்தான்.

அப்போது எதிர்ப்பக்கம் கிழவர் கோலை ஓங்கினார்.

டம். டம். டம். முரசு முழங்கியது. பின்னாலேயே சூராவிலிருந்து பாங்கு கிளம்பியது. தாழ்வாரத்தில் மூடிகள் திறக்கப்படும் சத்தம் சாலை தாண்டி வந்து கேட்டது.

வண்டிக்குள் மூன்று ஆண்களும் அசையவில்லை. காஜாவின் வாயில் வடை நின்ற இடத்திலேயே நின்றது. ருக்கையா "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிப் பழத்தை வாயில் போட்டாள். பக்கத்தில் ஆசியா பீவி, அப்போதுதான் தனக்கென்று ஊற்றிய கஞ்சியை நிதானமாகக் குடித்தாள். எல்லோருக்கும் ஊற்றி, இரண்டாம் தரமும் ஊற்றி முடிக்கும்வரை தான் ஒரு வாய் வைக்காத பழக்கம் அவளுடையது. அந்தப் பழக்கம் அன்று அவள் நோன்பைக் காப்பாற்றிவிட்டது. அவளுக்கு அது இன்னும் தெரியாது.

சேகு மதார் மருமகளைப் பார்த்தார்.

"நீ இப்பத்தான் திறக்குறியா?"

"ஆமா மாமு."

"அப்ப உனக்குத் தெரியும்."

"சூராவுல யாரும் கோப்பையைத் தொடல மாமு. நீங்க கடிச்ச பிறகுதான் பாத்தேன்."

"பாத்தா சொல்ல வேணாமா?" என்றார் சுல்தான்.

ருக்கையா பழத்தின் கொட்டையைக் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அத்தா. அப்ப மாமு உங்களை சம்பந்தின்னு கூப்பிட்டாரு. போன பெருநாள்லேர்ந்து அதைக் கேக்கத்தான் நம்ம வீட்டுல உட்கார்ந்திருக்கேன். ஒரு நோன்பை இன்னொரு நாள் களாவா வச்சுக்கலாம். இதை எங்க போயி வாங்குறது?"

ரேடியோவில் சிங்கப்பூர்க்காரர்கள் ஏதோ வாத்தியம் வாசித்தார்கள். காஜா கையை நீட்டி முள்ளைத் தொட, "இருக்கட்டும் விடு," என்றார் சேகு மதார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி முன்னால் பார்த்து உட்காரவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சூராவிலிருந்து ஒருவர், தலைக்கு மேல் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். ஜன்னல் வழியாக ஒரு பெரிய கிண்ணம் கஞ்சியை நீட்டினார். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் சாப்பிட வேண்டும் என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். அவர்கள் ஏற்கனவே சாப்பிட்டதைப் பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து தாமும் பார்த்ததாக அவர் காட்டிக்கொள்ளவே இல்லை. அவர் தலையில் இருந்தது சேகு மதார் கடைச் சொங்கோக்.

"தெரிமா காசே," என்றார் சேகு மதார், கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு. அவர் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் இவ்வளவு தணிந்த குரலில் பேசியதில்லை.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனபிறகு சுல்தான் தொண்டையைக் கனைத்தார்.

"சிங்கப்பூர்ச் சேதியை நம்பக்கூடாதுன்னு போன வருஷம் ஒருத்தர் சொன்னாரு."

"ரேடியோ உங்க பாதியிலதானே இருக்கு," என்றார் சேகு மதார்.

"பழம் உங்க பாதியிலேர்ந்து வந்துச்சு."

"கஞ்சி?"

சுல்தான் பேச்சை மாற்றினார். "களா நோன்பை எப்ப வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பெருநாள் முடிஞ்சு வர்ற திங்கக்கெழமை."

"வெள்ளிக்கெழமை வச்சா என்ன?"

"திங்கக்கெழமை நல்லது."

"வெள்ளிக்கெழமை எனக்குக் கப்பல் இல்ல."

"கப்பலுக்காகவா நோன்பு?"

இப்படி அவர்கள் தஞ்சோங் தோக்கோங் வரை சண்டை போட்டார்கள். காஜா மூலமாக ஒரு வார்த்தையும் போகவில்லை. வண்டி வீட்டு வாசலை நெருங்கியபோது சேகு மதார் குரலைத் தாழ்த்தி, "இது நம்ம அஞ்சு பேரோட இருக்கட்டும். என் வீட்டுக்காரி ஹாஜராவுக்குத் தெரியக்கூடாது," என்றார். சுல்தான் தலையை ஆட்டினார். ஆசியா பீவியும் ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் ரசாக் குடையோடு நின்றார்.

காஜா இஞ்சினை நிறுத்தினான். ரேடியோவை நிறுத்த மறந்தான். எல்லோரும் இறங்கினார்கள். சேகு மதார் கேட்டின் ஒரு தூணருகே நின்றார். சுல்தான் மறு தூணருகே நின்றார். பேச்சு நின்றுபோயிற்று. எதிர்பாராமல் பேசிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் பெண்ணை யார் முதலில் கூப்பிடுவது, யார் முதலில் அனுப்புவது என்ற பழைய கணக்கு, கேட்டைப் பார்த்ததும் இருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சுல்தான் சம்பந்தியின் வாயைப் பார்த்தார். சேகு மதார் சம்பந்தியின் வாயைப் பார்த்தார். ரசாக் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

ருக்கையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் இருவரும் அவள் கண்ணைச் சந்திக்காமல் வேறெங்கோ பார்ப்பதைக் கண்டாள். காலையில் அவளுக்கு இருந்த பயம் இப்போது இடம் மாறி, அந்த இரண்டு தூண்களுக்கும் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தது.

"வழி விடுங்க," என்றாள். "மஃரிபு போயிடும்."

இருவரும் ஒதுங்கினார்கள். தொழப் போகிறவளைத் தடுக்க எந்த முஸ்லிமுக்கும் அதிகாரம் இல்லை. அதிலும் அன்று அவர்கள் இருவருக்கும் கொஞ்சம்கூட இல்லை. அவள் அவர்களுக்கு நடுவே நடந்து, படியேறி, உள்ளே போனாள். உள்ளே மாமியார் சித்தி ஹாஜரா, "வா புள்ள, வா, பாய் அங்கதான் இருக்கு," என்று சொல்வது வாசல்வரை கேட்டது. ரசாக் குடையை மடக்கவே மறந்து பின்னால் ஓடினார்.

தொழுகை முடிந்து, காஜா வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனான். சாவியைத் திருகினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருகினான். ரேடியோவில் வாத்தியம் மெல்ல மெல்ல இறங்கி, கிணற்றுக்குள் போவது போல் மறைந்தது.

"பேட்டரி போச்சு," என்றான்.

"அப்ப இன்னைக்கு ராத்திரி யாரும் போக முடியாது," என்றார் சேகு மதார்.

"விடியறதுக்கு முன்னால சஹர் சாப்பாடும் இங்கதானா?" என்றார் சுல்தான்.

அதற்குள் சித்தி ஹாஜரா கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்தார். ஆர்கைல் ரோட்டுக் கஞ்சிப் பானை காலியாக இருப்பதையும், கூடவே ஒரு மலாய்க்காரக் கிண்ணம் வந்திருப்பதையும் அவர் பார்த்துவிட்டார்.

"ஏங்க, நீங்க எல்லாரும் எங்க நோன்பு திறந்தீங்க? ருக்கையாகிட்ட கேட்டா, மாமுகிட்ட கேளுங்க மாமின்னு சிரிக்கிறா."

சேகு மதார் சட்டென்று குனிந்து வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். சுல்தானும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இந்தப் பேட்டரி எத்தனை வருஷம் வரும் சம்பந்தி?" என்று சேகு மதார் கேட்டார்.

"நல்ல கேள்வி," என்றார் முகம்மது சுல்தான். இரண்டு கனவான்களும் தலையோடு தலை சேர்த்து, அதைப் பற்றி மிகுந்த அக்கறையோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தி ஹாஜரா அகப்பையோடு அங்கேயே நின்றார்.